அரளிகள் கடக்கும் நேரம்

நாலுவழிச் சாலையின் சென்டர் மீடியனில் நின்ற அரளிச் செடிகள் முதன்முதலாகச் சாலையைக் கடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு. அதைப் பார்த்த முதல் ஆள் இருளாயி. சேலைக்கு மேல் காண்ட்ராக்டர் கொடுத்த ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணி லாரியின் ஓஸ் குழாயை இடுப்போடு அணைத்துப் பிடித்து அவள் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, முன்னால் நின்ற செடி, கண்மாயில் இறங்கப்போகிறவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்வதுபோலத் தன் தூரைச் சற்றே உயர்த்தி, வேர்களை ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து உருவி எடுத்து, கறுப்பு வெள்ளைக் கல்லைத் தாண்டித் தார்ச்சாலையில் இறங்கியது. அதன் பின்னால் அடுத்தது இறங்கியது. அதன் பின்னால் அடுத்தது. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக நாற்பத்தேழு செடிகள், அவசரமில்லாமல், வேர்களால் தாரைத் துழாவித் துழாவி நடந்து, மேற்குப்பக்கம் பள்ளிக்கூடத்து மதிலோரம் போய் நிழலில் நின்றன.

இருளாயி பயப்படவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. அவளுக்கு வந்தது கோபம்தான்.

"இப்பத்தான் காலு முளைச்சுச்சாக்கும் உங்களுக்கு? மூணு மாசத்துக்கு முன்னாடி எங்கடி போச்சு இந்தக் காலு?" என்று கத்தினாள்.

அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஏனென்றால் சாலை முழுக்க பிரேக் சத்தம். நூறுக்குக் கீழே ஓட்டுவதை அவமானமாக நினைத்த கார்கள், வெங்காயம் ஏற்றிய லாரி, கல்லூரிப் பேருந்து, பால் வண்டி, எல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று மோதாத குறையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கினார்கள். செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வெள்ளைக் காரிலிருந்து இறங்கிய ஒருவர் பின்னால் வந்த மோட்டார் சைக்கிளைக் கை காட்டி நிறுத்தி, "செடி போகுது தம்பி, பாத்து, பாத்து, மெதுவா" என்றார். அவர் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது. அந்தக் கனிவைக் கேட்டு இருளாயி அவரையே முறைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஓஸ் குழாய் தன்பாட்டுக்கு ஓடி, செடியில்லாத வெறுங்குழிகளை நிரப்பிக்கொண்டிருந்தது.

அந்தக் குழிகளை வெட்டியதே அவள்தான்.

சாலைக்குக் கிழக்கே கம்மாய்மேடு. இருநூறு வீடு. சாலைக்கு மேற்கே பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிறுத்தம். ஒற்றைச் சாலையாக இருந்த காலத்தில் கம்மாய்மேட்டுக்காரர்கள் அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போய் ரேஷன் வாங்கிவந்து அரிசி களைந்திருக்கிறார்கள். சாலை நாலுவழியானபோது நடுவே மீடியன் எழும்பியது. அப்போதும் ஊருக்கு நேராகப் பன்னிரண்டடி இடைவெளி ஒன்று இருந்தது. வெள்ளைக்கோடு கிடையாது, விளக்கு கிடையாது. ஆனாலும் நின்று பார்த்து, ஓடிக் கடக்க ஒரு வழி. பிறகு நகரை அழகுபடுத்தும் திட்டம் வந்தது. கௌசிகன் என்று ஒரு வடிவமைப்பாளர் வந்தார். பறக்கும் கேமராவை மேலே ஏற்றிப் படம் எடுத்தார். வானத்திலிருந்து பார்த்தால் சாலை நெடுக வெள்ளையும் சிவப்பும் அலையடிப்பதுபோல இருக்கவேண்டும் என்று வரைந்தார். அரளிதான் சரி, ஆடு மாடு வாய் வைக்காது, வெயில் தாங்கும், நெஞ்சு உயரத்துக்கு அடர்ந்து எதிர் வண்டியின் வெளிச்சத்தை மறைக்கும் என்றார். அலை நடுவில் அறுந்துபோகக் கூடாது அல்லவா, அதனால் பன்னிரண்டடி இடைவெளி மூடப்பட்டது.

மூடியது கம்மாய்மேட்டுப் பெண்கள் பத்துப் பேர். செடி நடவும் தண்ணீர் ஊற்றவும் கத்தரித்து விடவும் காண்ட்ராக்டர் ஊரிலேயே ஆள் எடுத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் வேலை என்று இருளாயி சந்தோஷப்பட்டாள். நெருக்கமாக நாலு வரிசையில் நாற்பத்தேழு குழி வெட்டி, ஒவ்வொன்றிலும் எரு போட்டு, ஒவ்வொரு செடியையும் நிமிர்த்திப் பிடித்து மண் அணைத்தாள். செடி வளர வளர வழி அடைபட்டது. வண்டி திரும்பும் இடம் இரண்டரைக் கிலோமீட்டர் தெற்கே. எதிரே தெரியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச்சேர ஐந்து கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் பதினோரு முறை மனு எழுதினார்கள். பதினோராவது மனுவுக்குத்தான் பதில் வந்தது. மேற்படி இடத்தில் செடிகள் நன்கு வேரூன்றிவிட்டபடியால் இடைவெளி வழங்க இயலாது என்று அதில் இருந்தது.

இருளாயியின் தங்கச்சி பஞ்சவர்ணம் அங்கன்வாடியில் ஆயா. முட்டை அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கா தண்ணீர் ஊற்றி வளர்த்த அரளியை விலக்கி, அந்தப்பக்கம் கால் வைத்தாள். அவ்வளவு அடர்த்திக்குள்ளிருந்து ஓர் ஆள் வருவது காரோட்டிக்குத் தெரியவில்லை. கார் அவளைத் தூக்கித் திரும்பவும் செடிகளுக்குள்ளேயே எறிந்தது. போலீஸ் எழுதிய அறிக்கையை இருளாயி கூட வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுத் தெய்வானையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். சாலையைத் தவறான இடத்தில் கடக்க முயன்ற பெண் என்று பஞ்சவர்ணத்துக்கு ஒரு வரி இருந்தது. முழு வளர்ச்சியடைந்த அரளிச் செடிகள் மூன்று சேதம், அவற்றின் உயரம் இன்னது, நட்ட தேதி இன்னது என்று செடிகளுக்கு நாலு வரி இருந்தது. பதினாறாம் நாள் முடிந்து இருளாயி வேலைக்குத் திரும்பியபோது, மேஸ்திரி சூசைராஜ் அவளிடம் மூன்று புதுச் செடிகளைக் கொடுத்து, அந்த மூன்று குழியிலும் நடச் சொன்னார். அவள் நட்டாள். வேறென்ன செய்வாள்? வீட்டில் படுத்துக்கிடந்தால் சுவரெல்லாம் பஞ்சவர்ணமாக இருந்தது.

இப்போது அந்தச் செடிகள்தான் நடந்தன. காலை எட்டு நாற்பதுக்கு மேற்கே போயின. சாயங்காலம் நாலு பத்துக்குக் கிழக்கே வந்து, தத்தமது குழியில் இறங்கி, வேரை மூடிக்கொண்டன. புதன்கிழமையும் நடந்தன. வியாழக்கிழமையும் நடந்தன. ஞாயிற்றுக்கிழமை நடக்கவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் செடிக்கு என்ன வேலை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமைக்குள் கம்மாய்மேடு அதற்குப் பழகிவிட்டது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு எட்டரைக்கே கிழக்குப் பாதியை எப்படியோ ஓடிக் கடந்து மீடியன் கல்லில் வரிசையாக உட்கார்ந்துவிடும். செடி எழுந்ததும் ஆளுக்கொரு கிளையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கும். ரேஷன் பைகளோடு பெண்கள் நடந்தார்கள். பஸ் பிடிக்கிறவர்கள் நடந்தார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் உண்டு. எட்டு நாற்பது பஸ்ஸின் நடத்துனர், "அரளி வந்துருச்சா?" என்று கேட்டு, வந்த பிறகுதான் விசில் ஊதினார். சிலர் வீட்டுக் கடிகாரத்தைச் செடியைப் பார்த்துத் திருத்தி வைத்துக்கொண்டார்கள். கல்லூரியிலிருந்து தாவரவியல் பேராசிரியர் ஒருவர் வந்து, வேர்களை அளந்து, மண்ணில் ஈரம் குறைவதால் செடி ஈரத்தைத் தேடி நகர்கிறது என்றார். "சாயந்திரம் நாலு பத்துக்கு எதிர்ப்பக்கம் ஈரமாயிருமா சார்?" என்று தெய்வானை கேட்டாள். பேராசிரியர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார், பிறகு வரவில்லை.

வழக்கம்போல யாரோ ஒரு செடிக்கு மஞ்சள் கயிறு கட்டி எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இருளாயி கத்தரியால் கயிற்றை வெட்டினாள்.

"ஏன்க்கா, சாமி குத்தமாயிராதா?" என்றாள் தெய்வானை.

"சாமின்னு சொல்லிட்டா எல்லாத்தையும் இதுக கிட்டயே கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருவீக. அப்புறம் ஆபீசுல போயி யாரு கேப்பா?"

அவள் மட்டும் செடிகளோடு கடக்கவில்லை. எல்லாரும் கடந்தபோது அவள் மீடியனில் நின்று வெறுங்குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நடுப்பகலில் மேலத்தெருப் பெண்ணுக்கு வலி கண்டபோது அவளைத் தாங்கிக்கொண்டு வந்து செடிகளின் முன்னால் நிறுத்தி, "எந்திரிங்கடி, எந்திரிங்க" என்று இருளாயி கெஞ்சினாள், பிறகு ஏசினாள், பிறகு ஒரு செடியைப் பிடித்து உலுக்கினாள். மணி ஒன்றேகால். ஒரு செடியும் அசையவில்லை. ஆட்டோ இரண்டரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனது. குழந்தை ஆட்டோவிலேயே பிறந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் செடிகள்மேல் இருந்த கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. பள்ளிக்கூட நேரத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மட்டும் போகிற இது என்ன நியாயம், எங்களுக்கு இருபத்துநாலு மணி நேரமும் அல்லவா கால் இருக்கிறது என்று குழிக்குழியாகக் கேட்டுக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. சாலைத்துறை விழித்துக்கொண்டது. நடந்துபோகும் அரளியை நாடே பார்த்துவிட்டது. வெளியூரிலிருந்து வண்டி பிடித்து வந்து மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். செடிக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? ஒரே வாரத்தில் சாலையின் இரண்டு பக்கமும் வேகத்தடை போட்டார்கள். தாரின்மேல் பளிச்சென்று வெள்ளைக்கோடு இழுத்தார்கள். சிவப்பு விளக்கு நட்டார்கள். கொடி பிடித்த காவலாளிகள் நாலு பேர் வந்தார்கள். நீல நிறப் பலகை ஒன்று எழும்பியது. இரண்டு கால் வைத்த ஒரு செடியின் படம், அதன் கீழே, செடிகள் கடக்கும் இடம், மெதுவாகச் செல்லவும்.

இருளாயி பலகைக்குக் கீழே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்க வராது. சூசைராஜ்தான் வாசித்துக் காட்டினார்.

"இதைத்தானண்ணே பதினோரு மனுவுல கேட்டோம்" என்றாள்.

"இப்ப வந்துருச்சுல்ல. கடந்துக்கங்க."

"எங்களுக்கா வந்துச்சு?"

சூசைராஜ் தண்ணி லாரிப் பக்கம் நடந்தார். அவர் கெட்டவர் இல்லை. பஞ்சவர்ணத்தின் காரியத்துக்கு வந்து மூலையில் நின்று போனவர். ஆனால் மறுநாள் காலை ஒரு நைலான் கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்ததும் அவர்தான். மேலிடத்து உத்தரவு. செடிகள் கடக்கும்போது பொதுமக்கள் கூடவே போவதால் வேர் மிதிபடுகிறது, இலை உதிர்கிறது, பிள்ளைகள் கிளையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஆகவே செடிகளுக்கான நேரத்தில் மனிதர்கள் கடக்கக் கூடாது. வேலைக்காரப் பெண்கள் இரண்டு பக்கமும் கயிறு பிடித்து ஊராரைத் தடுக்க வேண்டும்.

எட்டு நாற்பதுக்குச் செடிகள் எழுந்தன. இருளாயி ஒரு முனையைப் பிடித்தாள், தெய்வானை மறுமுனையைப் பிடித்தாள். கயிற்றுக்கு இந்தப்பக்கம் பிள்ளைகள் முட்டிக்கொண்டு நின்றன. கொடிக்காரர்கள் விசிலடித்தார்கள். செடிகள் வெள்ளைக்கோட்டின்மேல் ராஜநடை நடந்தன. ஒரு பெண்பிள்ளை அண்ணாந்து, "ஏன் பெரியம்மா எங்களைப் பிடிச்சு வச்சிருக்க?" என்று கேட்டது. கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. இருளாயி தன் கையைப் பார்த்தாள். குழி வெட்டிய கை, செடி நட்ட கை, தங்கச்சி விழுந்த இடத்தில் திரும்பவும் செடி நட்ட கை, இப்போது கயிறு பிடித்திருக்கிறது. அவள் விரல்களை விரித்தாள். கயிறு கீழே விழுந்தது.

"அக்கா, வேலை போயிரும்க்கா" என்று எதிர்முனையிலிருந்து தெய்வானை கத்தினாள். கத்திவிட்டு அவளும் விட்டாள்.

பிள்ளைகள் ஓடிச் செடிகளோடு சேர்ந்துகொண்டன. அன்றைக்குத்தான் முதல்முறையாக இருளாயியும் நடந்தாள். செடிகளைத் தொடாமல், இரண்டடி தள்ளி.

வேலை போகவில்லை. ஏனென்றால் அதே வாரம் கௌசிகன் வந்துவிட்டார், அவருக்குச் செடிகளைத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. முப்பது வயதிருக்கும், தொப்பி வைத்திருந்தார், மரியாதையாகப் பேசினார். சாலையோரம் ஒரு பார்வையாளர் மேடை கட்டப்போகிறார்கள், படிப்படியாக உட்கார்ந்து பார்க்கலாம், தரையில் வண்ண விளக்கு, குடிக்கத் தண்ணீர், நிழலுக்குக் கூரை. மடிக்கணினியை விரித்து இருளாயியிடம் காட்டினார். படத்தில் அரளிகள் அசலைவிட அழகாக இருந்தன.

"இதுல நாங்க எங்கிட்டு இருக்கோம் தம்பி?"

அவர் மேடைக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் நின்ற சில உருவங்களைக் காட்டினார். அவற்றுக்கு முகம் இல்லை.

"மூஞ்சி இல்லையே?"

"அது வந்தும்மா, செடி எவ்வளவு உயரம், மேடை எவ்வளவு உயரம்னு தெரியறதுக்காக ஆள் மாதிரி போடுறது. அளவுக்கு."

"அளவுக்கு" என்று இருளாயி திருப்பிச் சொன்னாள். "முன்னாடி இங்க ஒரு கேப்பு இருந்துச்சு. அதை அடைக்கச் சொன்னது யாரு?"

கௌசிகன் மடிக்கணினியை மூடினார். "நான்தாம்மா வரைஞ்சேன். எனக்குக் குடுத்த வரைபடத்துல உங்க ஊரே இல்ல. கிழக்குப் பக்கம் வெறும் வெள்ளையா இருந்துச்சு. காலி நிலம்னு நினைச்சேன்."

"வந்து பாத்தீகல்ல? மேல கேமராவ விட்டீகல்ல?"

"பாத்தேன்" என்றார். இருளாயி விடவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பஞ்சவர்ணம் என்று ஒருத்தி இருந்தாள், அவள் இன்ன இடத்தில் விழுந்தாள், இன்ன குழியில் அவளுடைய செருப்பு கிடந்தது என்று ஒவ்வொரு குழியாகக் கையைக் காட்டிச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டுப் போய், மேடையைக் கட்டத்தான் செய்தார்.

மேடைத் திறப்புவிழாவுக்குத் தலைநகரிலிருந்து மிகப் பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. அவர் பத்து மணிக்குத்தான் வருவார். செடிகளோ எட்டு நாற்பதுக்குக் கடந்துவிடும். விருந்தாளி வந்து வெறுங்குழியையா பார்ப்பார்? ஆபீசில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அன்று காலை ஆறரை மணிக்குச் சூசைராஜ் ஒரு மூட்டை கட்டுக்கம்பியை இறக்கினார். ஒவ்வொரு செடியின் தூரையும் மீடியன் கல்லில் அடித்த இரும்பு முளையோடு முறுக்கிக் கட்ட வேண்டும். அதிகாரி வந்து உட்கார்ந்து கையைக் காட்டியதும் அவிழ்த்துவிட வேண்டும்.

ஆண்கள்தான் கட்டினார்கள். இருளாயி கட்ட மாட்டேன் என்று சொல்லி ஒதுங்கி நின்றாள். எட்டு நாற்பதுக்குப் பிள்ளைகள் வந்து நின்றன. செடிகள் எழுந்தன. எழுந்து, தூரை உயர்த்தி, வேரை உருவி, ஓரடி எடுத்து வைக்கப் போனபோது கம்பி பிடித்து இழுத்தது. அவை திரும்பவும் முயன்றன. கம்பி பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பால் வடிந்தது. நாற்பத்தேழு தூரிலும் பால் வடிந்து கறுப்பு வெள்ளைக் கல்லில் ஒழுகியது. பூக்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. சத்தம் எதுவும் இல்லை. செடிக்கு ஏது வாய்?

இருளாயி அத்தனை நாளும் வைத்திருந்த கோபம் அந்த நொடியில் செடிகளைவிட்டு இறங்கியது. இறங்கி, போகவேண்டிய இடத்துக்குப் போனது. அவள் தண்ணி லாரியின் கருவிப்பெட்டியைத் திறந்து கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்தாள். முதல் முறுக்கை வெட்டினாள். "இருளாயி, வேணாம், சொன்னாக் கேளு" என்று சூசைராஜ் கையைப் பிடித்தார். "விடுங்கண்ணே. விடுங்கங்கிறேன்ல" என்று அவள் போட்ட சத்தத்தில் அவர் கை தானாகவே விலகியது. தெய்வானை வந்தாள், பிறகு மற்ற பெண்கள் வந்தார்கள், அரிவாள்மனை எடுத்து வந்தவள்கூட உண்டு. ஆளுக்கொரு செடியாக அறுத்துவிட்டார்கள். நொண்டி நொண்டிச் செடிகள் சாலையில் இறங்கின. பிள்ளைகள் நடுவில், பெண்கள் சுற்றி, எல்லாருக்கும் வெளியே செடிகள்.

அன்றைக்குக் கொடிக்காரர்கள் சாலையில் இல்லை. புதுச் சட்டை போட்டு மேடையருகே வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். பலகையைத் திறப்புவிழாவுக்காகத் துணி போட்டு மூடியிருந்தார்கள். சிவப்பு விளக்கை அணைத்திருந்தார்கள். அதிகாரி வருகிற நாளில் சாலையில் வண்டி தேங்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் விசிலடித்து வண்டிகளை விரட்டிக்கொண்டிருந்தார்கள். விழாவுக்கு நாற்காலி ஏற்றிவந்த வேன் ஒன்று அந்த விசிலுக்குப் பயந்து வேகத்தடையில் குதித்து, நிற்காமல் செடிகளுக்குள் புகுந்தது.

பதினோரு செடிகள் முறிந்தன. பன்னிரண்டாவது செடி வேனின் முன்சக்கரத்தில் வேரோடு சுற்றிக்கொண்டு இழுபட, வேன் அதில் சிக்கி நின்றது. சக்கரத்துக்கும் பெரியம்மா என்று கூப்பிட்ட அந்தப் பெண்பிள்ளைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முழங்கை சிராய்ப்புதான். இருளாயி தாரில் உட்கார்ந்து, முறிந்த செடிகளை ஒவ்வொன்றாக இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பஞ்சவர்ணம் போனபோது போஸ்ட்மார்ட்டம், கையெழுத்து, ஆம்புலன்ஸ் என்று அலைந்ததில் அவள் சரியாக அழவில்லை. இப்போது அழுதாள். பதினோரு செடிக்கும் சேர்த்து அழுதாள், திட்டிக்கொண்டே அழுதாள், வேனைத் திட்டினாள், விசிலைத் திட்டினாள், துணி மூடிய பலகையைத் திட்டினாள், நெஞ்சு உயரத்துக்கு வளர்த்துவிட்ட தன் கையைத் திட்டினாள்.

மற்றச் செடிகள் மேற்கே போகவில்லை. சாலை நடுவில் திரும்பின. மீடியனில் ஏறின, தங்கள் குழிகளைத் தாண்டின, கிழக்குப்பக்கம் இறங்கின. கம்மாய்மேட்டுக்குள் நுழைந்து, தெருத்தெருவாகப் பிரிந்து, ஆளுக்கொரு வாசலில் குழிபறித்து உட்கார்ந்துகொண்டன. சக்கரத்தில் சிக்கிய அந்தப் பன்னிரண்டாவது செடி மட்டும், வேரை விடுவித்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போனது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். மேடையில் உட்கார்ந்தார். எதிரே நாற்பத்தேழு வெறுங்குழிகள். அவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வழக்குப் பதிவானது. அரசுச் சொத்தான அரளிச் செடிகள் முப்பத்தாறைக் கடத்திச் சென்றதாக இருளாயியை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

"ஏம்மா, செடியக் கடத்துனியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கடத்தலைங்கய்யா. கடந்துச்சு."

"விளையாடுறியா? முப்பத்தாறு செடியும் உங்க ஊர்லதான இருக்கு?"

"ஆமாங்கய்யா. வந்து கூட்டிட்டுப் போங்க. வந்துச்சுன்னா."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். இருளாயி மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "என் தங்கச்சிய எழுதுனது நீங்கதானங்கய்யா? செடிக்கு நாலு வரி எழுதி, அவளுக்கு ஒரு வரி எழுதுனீகளே. தவறான எடம்னு எழுதுனீகளே. சரியான எடம் எதுன்னு ஒருத்தரும் சொல்லலையேங்கய்யா. இப்பயாவது அதை எழுதுங்க. நான் எங்கிட்டும் ஓடல. உக்காந்துருக்கேன், எழுதுங்க."

அவர் எழுதவில்லை. ஆனால் அவளை அதட்டவும் இல்லை. ஒரு வாரம் தினமும் வரச்சொல்லிப் பகலெல்லாம் ஸ்டேஷன் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க லாரி வைத்துக் கம்மாய்மேட்டிலிருந்து செடிகளைத் தோண்டி எடுத்துப் போய் மீடியனில் நட்டார்கள். காலையில் அவை வாசல்களுக்குத் திரும்பியிருந்தன. காகிதப்பூச் செடி கொண்டுவந்து நட்டார்கள். அதுவும் ஊருக்குள் வந்துவிட்டது. நந்தியாவட்டை வந்தது, தங்க அரளி வந்தது, அலங்காரப் பனைகூட ஒன்று தள்ளாடித் தள்ளாடி வந்து பால் சொசைட்டி வாசலில் நின்றது. இரும்பு வேலி போட ஆள் வந்தபோது, குழிகளுக்குள் ஆளுக்கொன்றாகக் கம்மாய்மேட்டுப் பெண்கள் இறங்கி நின்றிருந்தார்கள். நாற்பத்தேழு குழியிலும் நாற்பத்தேழு பேர், முழங்கால்வரை மண்ணில். வேலிக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுக் கம்பிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் துறை கைவிட்டது. இயற்கைக் காரணங்களால் உருவான இடைவெளி என்று கோப்பில் எழுதி முடித்தது. ஆனால் செடிகள் இல்லாத இடத்துக்கு எதற்கு என்று விளக்கைப் பிடுங்கியது, வேகத்தடையைச் சுரண்டியது, வெள்ளைக்கோட்டின்மேல் தாரைப் பூசியது.

எட்டாம் நாள் மத்தியானம் இருளாயியை இனி வரவேண்டாமென்று விட்டுவிட்டார்கள். ஆரஞ்சுச் சட்டையைச் சூசைராஜ் முன்பே வாங்கிப் போயிருந்தார். பஸ்ஸிலிருந்து மேற்குப்பக்கம் இறங்கியபோது உச்சிவெயில். மேடையில் ஒருவரும் இல்லை. எதிரே, மீடியனில், பன்னிரண்டடிக்கு வெறும் மண். அதற்கு அப்பால் ஊர் முழுக்கப் பூத்திருந்தது.

வண்டிகள் பழைய வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இருளாயி ஓரத்தில் நின்று பார்த்தாள். வண்டிகள் விடும் இடைவெளிக்காக அவள் காத்திருக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். வலதுகையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்து, சாலையில் இறங்கினாள்.

ஒரு சிமெண்ட் லாரி பாதி ரோட்டுக்கு டயரால் கோடிழுத்துக்கொண்டு வந்து, அவளுக்கு நாலடி முன்னால் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான். "சாவுறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுச்சா? ஓடு, சீக்கிரம் ஓடு!"

இருளாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று ஹாரன் அடிக்கத் தொடங்கின. அவள் கையை இறக்கவில்லை.

"ஓட மாட்டேன்" என்றாள். "நடந்துதான் போவேன். நீ நில்லு."

சொல்லிவிட்டு நடந்தாள்.